இஸ்திகாரா: எப்படித் தொழுவது, தொழுத பிறகு என்ன செய்வது

"இஸ்திகாரா தொழுதேன், கனவு ஒன்றும் வரவில்லையே, இப்போது என்ன செய்ய?" இஸ்லாத்துக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்கிற கேள்வி இது. பல வருஷமாகத் தொழுகிறவர்களும் கேட்கிறார்கள். கனவு வரும் என்று இஸ்திகாரா ஹதீஸில் (நபிமொழியில்) ஒரு வார்த்தைகூடக் கிடையாது. யாரோ சொல்லி யாரோ கேட்டு, ஊர் ஊராகப் பரவிய எதிர்பார்ப்பு அது. அதை முதலில் இறக்கி வைத்துவிட்டால் மீதி சுலபம்.

ஒரு காரியத்தில் இறங்கலாமா வேண்டாமா என்ற கட்டத்தில், இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) நஃபில், அதாவது கடமையல்லாத உபரித் தொழுகை, தொழுது, இதில் எனக்கு எது நல்லதோ அதை நடத்தித் தா என்று அல்லாஹ்விடம் கேட்பதுதான் இஸ்திகாரா. தவக்குல் வைக்க வேண்டும், அல்லாஹ்விடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமை உரையில்) அடிக்கடி கேட்கிறோம். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் வேலையை விடுவதா, வந்த வரனுக்குச் சம்மதம் சொல்வதா என்று வந்து நிற்கும்போது, ஒப்படைப்பது என்றால் என்னதான் செய்வது என்று தெரியாது. அதற்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த செயல்முறை இது. தவக்குலைப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸாக இது ஸஹீஹுல் புகாரி என்ற ஹதீஸ் நூலில் இருக்கிறது. குர்ஆனின் ஒரு சூராவை (அத்தியாயத்தை) கற்றுத் தருவதுபோல, எல்லாக் காரியங்களிலும் இஸ்திகாரா செய்வதை நபியவர்கள் எங்களுக்குக் கற்றுத் தந்தார்கள் என்கிறார் அவர். கல்யாணத்துக்கு மட்டும் என்று நம் ஊரில் சுருங்கிப் போனது பிற்பாடு வந்த பழக்கம்.

இது வருவதற்கு முன் மக்காவில் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்டால் இதன் அருமை புரியும். பயணமோ வியாபாரமோ எதுவானாலும் அம்பு எடுத்துக் குறி பார்ப்பார்கள். ஒன்றில் 'செய்' என்று இருக்கும், ஒன்றில் 'செய்யாதே' என்று இருக்கும், இன்னொன்று வெறுமையாக இருக்கும். வெறுமை வந்தால் மறுபடியும் எடுப்பார்கள். குர்ஆன் 5:3 வசனம் இதைத் தடை செய்தது. மக்காவை விட்டு மதீனாவுக்குப் போன ஹிஜ்ரத்தின்போது நபியவர்களைப் பிடித்துக் கொடுத்தால் நூறு ஒட்டகம் பரிசு என்று மக்காவின் குறைஷிக் குலத்தார் அறிவித்தபோது, சுராக்கா பின் மாலிக் குதிரையேறித் துரத்தினார். வழியில் அம்பு எடுத்துப் பார்த்தார். அவருக்குப் பிடிக்காத அம்புதான் வந்தது. அப்படியும் அவர் நிற்கவில்லை, துரத்திக்கொண்டே போனார். குறி பார்க்கிறவர்களிடம் எல்லாக் காலத்திலும் உள்ள வேடிக்கை இதுதான்: ஆசைக்கு ஒத்து வந்தால் குறி, ஒத்து வராவிட்டால் இன்னொரு தடவை பார்ப்பது. அந்த அம்புகளை எடுத்துவிட்ட மார்க்கம், நம் கையில் தந்தது ஒரு துஆ (பிரார்த்தனை). அதிலும் போய் அடையாளம் தேடினால், திரும்பவும் அம்புக்கே போகிறோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

காரியம் இஸ்திகாராவுக்கு உரியதா?

ஃபர்ளான (கட்டாயக் கடமையான) காரியத்துக்கு இஸ்திகாரா இல்லை. ஐவேளைத் தொழுவதா, ஜகாத் கொடுப்பதா என்று கேட்க ஒன்றுமில்லை. ஹராமுக்கும் (தடுக்கப்பட்டதற்கும்) இல்லை. வட்டிக் கடன் வாங்கலாமா என்று தொழுது கேட்பது அபத்தம், பதில் ஏற்கெனவே வந்துவிட்டது. ஆகுமான (அனுமதிக்கப்பட்ட) காரியங்களில், இதுவா அதுவா, இப்போதா பிறகா என்ற இடத்தில்தான் இதற்கு வேலை. ஹஜ் கடமையானவர் ஹஜ்ஜுக்குப் போவதா என்று இஸ்திகாரா செய்யத் தேவையில்லை. எந்தக் குழுவோடு போவது, யாரைத் துணைக்கு அழைத்துப் போவது என்பதற்குச் செய்யலாம்.

தொழுவதற்கு முன் விசாரியுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுகிற இடம் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கட்டுமா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கட்டுமா என்று ஒருவர் கேட்டார். கட்டிவிட்டுத் தவக்குல் வை என்றார்கள் நபி (ஸல்). திர்மிதி ஹதீஸ் நூலில் வரும் இந்த ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகத் தெரியாத இன்னொன்றைச் சொல்கிறேன். யமன் நாட்டிலிருந்து சிலர் கட்டுச்சோறு எதுவும் எடுக்காமல் ஹஜ்ஜுக்கு வருவார்கள். நாங்கள் தவக்குல் உள்ளவர்கள் என்பார்கள். மக்காவுக்கு வந்ததும் ஜனங்களிடம் கையேந்துவார்கள். பயணத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று 2:197 வசனம் இறங்கியது இதையொட்டித்தான் என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொல்வதாக புகாரியில் இருக்கிறது. அடுத்தவர் பையை நம்பி வீட்டை விட்டுக் கிளம்புவதற்குத் தவக்குல் என்று பெயர் வைத்துக்கொள்ள முடியாது.

நபியவர்களே ஹிஜ்ரத் புறப்பட்டபோது செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். போக வேண்டிய மதீனா வடக்கே. பதுங்கியதோ மக்காவுக்குத் தெற்கே உள்ள ஸவ்ர் குகையில், மூன்று இரவுகள். அபூபக்ர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் பகலில் மக்காவில் நடக்கும் பேச்சைக் கேட்டு இரவில் வந்து சொல்வார். ஆமிர் பின் ஃபுஹைரா ஆடுகளை அந்தப் பக்கம் ஓட்டிவந்து பால் தருவார். வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் பின் உரைகித் முஸ்லிம்கூட அல்ல. பாதை தெரிந்தவர், நம்பகமானவர், அதனால் அவரை எடுத்தார்கள். இத்தனையும் செய்த பிறகுதான், தேடி வந்தவர்களின் கால்கள் குகை வாசலில் தெரிந்தபோது, கவலைப்படாதே, அல்லாஹ் நம்மோடு இருக்கிறான் என்ற வார்த்தை வந்தது.

எனவே வெளிநாட்டு வேலை என்றால் முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஆள் எடுக்கிற ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒருவரிடமாவது பேசுங்கள். இடம் வாங்குவது என்றால் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் தெரிந்துகொள்ளக்கூடியதை அல்லாஹ்விடம் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது அதபு (ஒழுங்கு) அல்ல.

கல்யாணம் என்றால் விசாரிப்பு இன்னும் முக்கியம். மாப்பிள்ளையைப் பற்றித் துருவிக் கேட்டால் புறம் பேசியதாகிவிடுமோ என்று சில வீடுகளில் தயங்குகிறார்கள். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களுக்கு முஆவியா, அபூஜஹ்ம் என்று இரண்டு பேர் பெண் கேட்டு வந்தார்கள். அவர் நபியவர்களிடம் வந்து யோசனை கேட்டார். அபூஜஹ்மின் தோளைவிட்டுத் தடி இறங்காது, முஆவியாவிடம் காசு பணம் இல்லை, நீ உஸாமா பின் ஸைதை மணந்துகொள் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அடிக்கிற கை, வெறும் பை என்ற இரண்டையுமே மறைக்கவில்லை. உஸாமா விடுதலை செய்யப்பட்ட அடிமையின் மகன். ஃபாத்திமாவோ குறைஷிக் குலத்துப் பெண். முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. நபியவர்கள் மறுபடியும் சொன்னார்கள், மணந்துகொண்டார். அதில் அல்லாஹ் நன்மையை வைத்தான், மற்றவர்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படும்படி ஆனது என்று பின்னாளில் அவரே சொன்னதாக முஸ்லிம் என்ற ஹதீஸ் நூலில் பதிவாகியிருக்கிறது.

மஷூரா

மஷூரா என்றால் ஆலோசனை கேட்பது. விஷயம் தெரிந்தவர், உங்கள் நலம் நாடுகிறவர், இந்தக் காரியத்தில் தனக்கென்று ஆதாயம் இல்லாதவர் என்று ஒருவரோ இருவரோ போதும். இருபது பேரிடம் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். இஸ்திகாரா முதலிலா மஷூரா முதலிலா என்று ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மஷூரா முதலில் என்பது பிடித்திருக்கிறது. தெளிவாகத் தெரிந்த விஷயத்தை எடுத்துக்கொண்டு தொழுகையில் நிற்கலாமே.

குர்ஆன் 3:159 வசனம் நபியவர்களிடம் மூன்று காரியங்களை வரிசையாகச் சொல்கிறது: அவர்களோடு (உம் தோழர்களோடு) ஆலோசனை செய்யும், முடிவெடுத்துவிட்டால் அல்லாஹ்வின் மீது தவக்குல் வையும். ஆலோசனை, முடிவு, தவக்குல். இது உஹதுப் போருக்குப் பிறகு இறங்கியது. உஹதில் மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்வதுதான் நபியவர்களின் கருத்தாக இருந்தது. வெளியே போய்ப் போரிடுவோம் என்று இளைஞர்கள் பலர் துடித்தார்கள், அதற்கு நபியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நபியவர்கள் கவசம் அணிந்து வந்தபோது, உங்களை வற்புறுத்திவிட்டோமோ என்று அந்த இளைஞர்கள் பின்வாங்கப் பார்த்தார்கள். கவசம் அணிந்த நபி போரிடாமல் அதைக் கழற்றுவது தகாது என்று சொல்லிவிட்டார்கள். சுமார் எழுபது ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) அந்தப் போரில் ஷஹீதானார்கள் (உயிர்த்தியாகம் செய்தார்கள்). அதற்குப் பிறகும், ஆலோசனையை விட்டுவிடும் என்று வசனம் வரவில்லை, அவர்களை மன்னித்து அவர்களிடமே ஆலோசனை செய்யும் என்றுதான் வந்தது. முடிவு சரியாக வராததால் முடிவெடுக்கும் முறை தப்பாகிவிடாது. இதை நினைவில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

தொழுகை

இனித் தொழுகை. இது சின்ன வேலைதான்.

ஒளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்துகொள்ளுங்கள். இஸ்திகாராவுக்கு இரண்டு ரக்அத் தொழுகிறேன் என்று மனதில் நிய்யத் (எண்ணம்) வைத்து, மற்ற சுன்னத் தொழுகையைப் போலவே தொழுங்கள். அல்ஹம்து சூராவுக்குப் பிறகு முதல் ரக்அத்தில் குல்யா அய்யுஹல் காஃபிரூன், இரண்டாவதில் குல்ஹுவல்லாஹு அஹத் ஓதுவது நல்லது என்று இமாம் நவவீ (ரஹ்) சொல்லியிருக்கிறார்கள். அவை தெரியாவிட்டால் தெரிந்த எந்த சூராவையும் ஓதலாம். அத்தஹிய்யாத் ஓதி சலாம் கொடுத்துவிட்டு, அதே இருப்பில் கிப்லாவை (கஅபா இருக்கும் திசையை) பார்த்துக் கையேந்துங்கள். அல்லாஹ்வைப் புகழ்ந்து, ஸலவாத் (நபியவர்களுக்காகக் கேட்கும் துஆ) ஓதி, பிறகு துஆவைத் தொடங்குங்கள். முடிக்கும்போதும் ஒரு ஸலவாத்.

நேரம்: இரவில்தான், தூங்கப் போகும் முன்தான் என்று எந்த நிபந்தனையும் இல்லை. லுஹருக்குப் பிறகு ஆபீஸில் ஓர் ஓரத்தில் தொழுதாலும் செல்லும். தஹஜ்ஜுத் நேரம் (இரவின் பிற்பகுதி) துஆவுக்கு விசேஷமானது, எழ முடிந்தால் நல்லது. நஃபில் தொழக்கூடாத நேரங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: சுபுஹு தொழுததிலிருந்து சூரியன் உதித்து ஒரு பதினைந்து இருபது நிமிஷம் வரை, சூரியன் உச்சியில் நிற்கும் நேரம், அஸர் தொழுததிலிருந்து மஃரிப் வரை. நம் பக்கத்தில் காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹப் (மார்க்கச் சட்ட வழி), உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபி. பல மசாயில்களில் (சட்ட விஷயங்களில்) இரண்டும் வேறுபட்டாலும், இந்த நேரங்களில் இஸ்திகாரா தொழுகையைத் தவிர்ப்பதில் ஒன்றுபடுகின்றன. அஸருக்குப் பிறகு உடனே பதில் சொல்லியாக வேண்டிய அவசரம் என்றால் தொழாமல் துஆவை மட்டும் ஓதுங்கள்.

ஹைளு (மாதவிடாய்) நேரத்தில் இருக்கும் பெண்களும் அப்படியே, தொழுகை இல்லாமல் துஆ மட்டும். தொழுகையை இன்னும் முழுசாகக் கற்றுக்கொள்ளாத புதியவர்களுக்கும் அந்த வழி இருக்கிறது. தொழத் தெரியவில்லையே என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

துஆ

அல்லாஹும்ம இன்னீ அஸ்தகீருக பிஇல்மிக, வஅஸ்தக்திருக பிகுத்ரதிக, வஅஸ்அலுக மின் ஃபள்லிகல் அளீம். ஃபஇன்னக தக்திரு வலா அக்திரு, வதஃலமு வலா அஃலமு, வஅன்த அல்லாமுல் குயூப். அல்லாஹும்ம இன் குன்த தஃலமு அன்ன ஹாதல் அம்ர கைருன் லீ ஃபீ தீனீ வமஆஷீ வஆகிபதி அம்ரீ, ஃபக்துர்ஹு லீ, வயஸ்ஸிர்ஹு லீ, ஸும்ம பாரிக் லீ ஃபீஹி. வஇன் குன்த தஃலமு அன்ன ஹாதல் அம்ர ஷர்ருன் லீ ஃபீ தீனீ வமஆஷீ வஆகிபதி அம்ரீ, ஃபஸ்ரிஃப்ஹு அன்னீ, வஸ்ரிஃப்னீ அன்ஹு, வக்துர் லியல் கைர ஹைஸு கான, ஸும்ம அர்ளினீ பிஹி.

இதன் கருத்து: யா அல்லாஹ், உன் அறிவைக் கொண்டு நல்லதை உன்னிடம் கேட்கிறேன். உன் ஆற்றலைக் கொண்டு எனக்கு ஆற்றல் கேட்கிறேன். உன் மகத்தான அருளிலிருந்து கேட்கிறேன். உன்னால் முடியும், என்னால் முடியாது. நீ அறிவாய், நான் அறியமாட்டேன். மறைவானவற்றையெல்லாம் அறிந்தவன் நீ. யா அல்லாஹ், இந்தக் காரியம் என் தீனுக்கும் (மார்க்கத்துக்கும்) என் வாழ்க்கைக்கும் என் காரியத்தின் முடிவுக்கும் நல்லது என்று நீ அறிந்திருந்தால், அதை எனக்கு விதித்து, லேசாக்கி, அதில் பரக்கத்தும் செய். அது என் தீனுக்கும் என் வாழ்க்கைக்கும் என் காரியத்தின் முடிவுக்கும் கெட்டது என்று நீ அறிந்திருந்தால், அதை என்னைவிட்டுத் திருப்பிவிடு, என்னையும் அதைவிட்டுத் திருப்பிவிடு. நன்மை எங்கே இருந்தாலும் அதை எனக்கு விதித்து, அதைக் கொண்டு என்னைத் திருப்தியடையச் செய்.

'ஹாதல் அம்ர' என்று இரண்டு இடத்தில் வருகிறது. அங்கே உங்கள் காரியத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அல்லது வாயால் சொல்லுங்கள். இன்னாருடன் கல்யாணம், துபாய் வேலை, இந்தக் கடை என்று தமிழிலேயே சொல்லலாம், சலாம் கொடுத்த பிறகுதானே ஓதுகிறோம். அரபி வரவே இல்லை என்றால் முழுவதையும் தமிழில் கேளுங்கள்.

துஆவில் காரியத்தை அளக்கச் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். தீன் முதலில் வருகிறது, பிழைப்பு பிறகு, கடைசியில் முடிவு. சம்பளம் இரண்டு மடங்கு, ஆனால் ஜும்ஆவுக்கு விடமாட்டார்கள் என்ற வேலைக்கு ஓதும்போது இந்த வரிசை தொண்டையில் கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும்.

அதேபோல 'என்னையும் அதைவிட்டுத் திருப்பிவிடு' என்ற இடம். காரியம் கைவிட்டுப் போனால் மட்டும் போதாது, மனசும் அதிலிருந்து கழன்று வர வேண்டும். தவறிப் போன வரனையே நினைத்து வருஷக்கணக்கில் புழுங்குகிறவர்களைப் பார்த்தால், இந்த வரியின் தேவை புரியும். கடைசி வரியில் கேட்கிற திருப்திதான் துஆவின் உச்சம் என்பேன். ஆசைப்பட்டது கிடைக்க வேண்டும் என்று இதில் எங்கேயும் கேட்கவில்லை.

தொழுது முடித்தாயிற்று, அப்புறம்?

எழுந்து வேலையைப் பாருங்கள். காரியத்தில் அடுத்து எடுத்து வைக்க வேண்டிய அடி எதுவோ அதை எடுத்து வையுங்கள். விண்ணப்பம் அனுப்புவதோ, பெண் வீட்டாருக்குப் போன் செய்வதோ, முன்பணம் பேசுவதோ, எதுவாக இருந்தாலும்.

இங்கே ஆலிம்களிடம் இரண்டு பார்வை இருக்கிறது. மனம் எந்தப் பக்கம் விரிகிறதோ அந்தப் பக்கம் போகட்டும் என்பது இமாம் நவவீ சொல்வது. இஸ்ஸுத்தீன் பின் அப்துஸ்ஸலாம் (ரஹ்), மனச்சாய்வுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, எதைச் செய்ய வாய்க்கிறதோ செய்யட்டும், நடப்பதில் நன்மை இருக்கிறது என்கிறார். புதியவர்களுக்கு இரண்டாவதுதான் பத்திரமானது என்பது என் கருத்து. மனசு சும்மா இருக்காது. தொழுவதற்கு முன்பே விரும்பியதைத் தொழுத பிறகு 'அல்லாஹ் காட்டிவிட்டான்' என்று சொல்ல அதற்கு ரொம்ப நேரம் ஆகாது. ஹதீஸும் மனச்சாய்வைப் பற்றிப் பேசவில்லை. விதித்து லேசாக்கு, இல்லாவிட்டால் திருப்பிவிடு என்கிறது. லேசாவதும் திரும்புவதும் வெளியே, காரியத்தில் தெரிகிற விஷயங்கள்.

இதற்கு ஓர் அழகான நிகழ்ச்சி இருக்கிறது. நபியவர்கள் வஃபாத்தானபோது (இறந்தபோது) கப்ரை (அடக்கக் குழியை) எந்த முறையில் தோண்டுவது என்று ஸஹாபாக்களுக்குள் கேள்வி வந்தது. மதீனாவில் ஒருவர் பக்கவாட்டில் குடைந்து லஹ்து முறையில் தோண்டுவார், இன்னொருவர் நடுவில் நேராகத் தோண்டுவார். அல்லாஹ்விடம் இஸ்திகாரா செய்வோம், இருவருக்கும் ஆள் அனுப்புவோம், யார் முந்தி வருகிறாரோ அவர் தோண்டட்டும் என்று முடிவு செய்தார்கள். லஹ்து தோண்டுகிறவர் முந்தி வந்தார். அப்படியே தோண்டப்பட்டது. அனஸ் (ரலி) அறிவித்து இப்னு மாஜாவில் வருகிறது. தூங்கிக் கனவு காணலாம் என்று யாரும் போகவில்லை. அல்லாஹ்விடம் கேட்டார்கள், ஆள் அனுப்பினார்கள், நடந்ததை ஏற்றுக்கொண்டார்கள்.

தடுமாற்றம் தீரவில்லையா? மறுபடியும் தொழலாம், துஆவைத் திரும்பக் கேட்பதில் தடையில்லை. ஏழு தடவை என்று ஒரு ரிவாயத் (அறிவிப்பு) இருக்கிறது, ஆனால் அது பலவீனமானது என்று ஹதீஸ் கலை இமாம்கள் சொல்லியிருக்கிறார்கள். ஏழு நாள் எண்ணிக்கொண்டிருந்து வேலை வாய்ப்பைக் கோட்டை விட வேண்டாம். அவசரம் இல்லாத பெரிய விஷயமென்றால் நீண்ட நாள் கேட்கலாம். ஹதீஸ்களை நூலாக எழுதலாமா என்ற யோசனை வந்தபோது கலீஃபா உமர் (ரலி) ஸஹாபாக்களிடம் மஷூரா செய்துவிட்டு, ஒரு மாதம் இஸ்திகாரா செய்து, பிறகு வேண்டாம் என்று முடிவெடுத்ததாக அறிவிப்பு உண்டு.

விலக வேண்டியவை

கனவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நல்ல கனவு வந்தால் சந்தோஷம், ஆனால் கனவில் பச்சை தெரிந்தது, சிவப்பு தெரிந்தது என்று கல்யாணத்தை முடிவு செய்வதற்கு ஹதீஸில் ஆதாரம் இல்லை. குர்ஆனைக் கண்ணை மூடித் திறந்து, விரல் படுகிற வசனத்தைப் பார்ப்பது, பால் கிதாபு (குறி சொல்லும் புத்தகம்) பார்க்கப் போவது, தஸ்பீஹ் மணியை ஒற்றையா இரட்டையா என்று எண்ணுவது எல்லாமே அம்புக் குறியின் பேரப்பிள்ளைகள்தான். காசு வாங்கிக்கொண்டு உங்களுக்காக இஸ்திகாரா 'பார்த்துச் சொல்கிறேன்' என்கிறவரிடம் போகவே போகாதீர்கள். உங்களில் ஒருவர் ஒரு காரியத்தை நாடினால் அவர் தொழட்டும் என்பதுதான் ஹதீஸ். இதில் ஹஜ்ரத்துக்குத் தனி லைன் கிடையாது.

நம் வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது. மகள் கல்யாணத்துக்கு வாப்பா இஸ்திகாரா தொழுகிறார், உம்மா தொழுகிறார், பெரியம்மாவும் தொழுகிறார். பெண்ணை யாரும் தொழச் சொல்வதில்லை. பெற்றோர் தொழட்டும், கொடுப்பது அவர்கள் முடிவும்தான். ஆனால் வாழப் போகிறவள் அவள். ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களை நபியவர்களே பெண் கேட்டு ஆள் அனுப்பினார்கள். கேட்டது அல்லாஹ்வின் தூதர். அப்படியும், என் ரப்பிடம் (இறைவனிடம்) கேட்காமல் நான் எதுவும் செய்யமாட்டேன் என்று சொல்லித் தொழுமிடத்துக்குப் போய்விட்டார் என்று முஸ்லிமில் இருக்கிறது.

சரியாக வராமல் போனால்

இஸ்திகாரா தொழுதுதான் போனேன், வேலை மூன்றாம் மாதமே போய்விட்டதே என்று கேட்பவர்கள் உண்டு. நீங்கள் வெறுக்கும் ஒன்று உங்களுக்கு நன்மையாக இருக்கலாம், விரும்பும் ஒன்று தீமையாக இருக்கலாம், அல்லாஹ் அறிவான், நீங்கள் அறியமாட்டீர்கள் என்று 2:216 சொல்கிறது. ஆனால் வேலையை இழந்து வந்தவரிடம் முதல் நிமிஷமே இந்த வசனத்தை ஓதிக் காட்டாதீர்கள். முதலில் டீ வாங்கிக் கொடுங்கள்.

அவருக்கு உதவக்கூடிய ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது: உனக்குப் பயனளிப்பதில் முயற்சி எடு, அல்லாஹ்விடம் உதவி தேடு, தளர்ந்துவிடாதே, ஏதாவது நேர்ந்துவிட்டால், 'அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே' என்று சொல்லாதே, அது ஷைத்தானின் வேலைக்குக் கதவைத் திறக்கும், 'அல்லாஹ்வின் விதி, அவன் நாடியதைச் செய்தான்' என்று சொல். முயற்சியும் உதவி தேடலும் முதலில் வருவதைப் பாருங்கள். விதியைச் சொல்வது நடந்து முடிந்ததற்குத்தான். நாளைக்குச் செய்ய வேண்டியதற்கு விதியைக் காரணம் சொல்ல இதில் இடமில்லை.

இஸ்திகாரா செய்து எடுத்த முடிவை மாற்றவே கூடாது என்று எண்ணிச் சிலர் துன்பத்திலேயே கிடக்கிறார்கள். குறிப்பாகப் பெண்கள். இஸ்திகாரா தொழுது கல்யாணம் செய்தேன், அடிக்கிறார், அல்லாஹ் தந்தது, பொறுத்துக்கொள்கிறேன் என்கிறார்கள். மார்க்கம் இதைக் கேட்கவில்லை. ஸாபித் பின் கைஸின் மனைவி நபியவர்களிடம் வந்து, அவருடைய குணத்திலோ மார்க்கத்திலோ குறை சொல்லவில்லை, ஆனால் அவரோடு என்னால் வாழ முடியாது என்றார். மஹராக (மணக்கொடையாக) வாங்கிய தோட்டத்தைத் திருப்பிக் கொடுப்பாயா என்று கேட்டு, கொடுக்கச் சொல்லிப் பிரித்து வைத்தார்கள். கணவரிடம் குறை இல்லாத நிலையிலேயே வழி இருந்தது என்றால் அடி வாங்குகிறவருக்கு இல்லாமல் போகுமா?

உமர் (ரலி) ஷாம் (சிரியா) நாட்டுக்குப் போனபோது, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வழியில் ஸர்க் என்ற இடத்தில் கிடைத்தது. முஹாஜிர்களிடம் (மக்காவிலிருந்து வந்த தோழர்களிடம்) கேட்டார், அன்சாரிகளிடம் (மதீனாவின் தோழர்களிடம்) கேட்டார், குறைஷிப் பெரியவர்களிடம் கேட்டார், திரும்பிவிடுவது என்று முடிவெடுத்தார். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) கேட்டார். ஆமாம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே ஓடுகிறோம் என்றார் உமர். ஒரு பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி. ஒட்டகத்தைப் பசுமையில் மேய்த்தாலும் வறட்சியில் மேய்த்தாலும் விதிதானே என்று கேட்டார். பாதி வழியில் திரும்புவதும் ஒப்படைப்பதில் அடங்கும். திரும்புவதற்கும் தனியாக இஸ்திகாரா செய்துகொள்ளலாம்.

முதல் தடவை செய்கிறவர்கள் கல்யாணம் அளவுக்குப் பெரிய விஷயத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பையனை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, வண்டியை விற்பதா வைத்துக்கொள்வதா என்ற அளவில் ஆரம்பியுங்கள். துஆ மனப்பாடம் ஆகும்வரை தாளையோ போனையோ பார்த்து ஓதலாம். தமிழ் எழுத்தில் அரபி உச்சரிப்பு முழுசாக வராது, ஃபள்லிக, அளீம், குத்ரதிக போன்ற இடங்களில் சறுக்கும். ஒருமுறையாவது இமாமிடம் ஓதிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் பெரும்பாலும் அவர் பள்ளியில்தான் இருப்பார். பெண்கள், ஊரில் நிஸ்வான் மதரஸா (பெண்களுக்கான மார்க்கப் பள்ளி) இருந்தால், அங்குள்ள ஆலிமாவிடம் கேட்கலாம்.